வினைச்சொல்லை வெட்டாதீர்கள்

சிங்கப்பூரில் நான்கு மொழிச் செயலிகளை உருவாக்கும் குழுவினருக்கு,

வணக்கம். அண்மையில் வந்த புதிய பதிப்பில் அறிவிப்புகள் எல்லாம் ஒற்றை வரிக்குச் சுருங்கிவிட்டன. எந்தச் செயலி என்று நாங்கள் பெயர் சொல்லத் தேவையில்லை, செய்தவர்களுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் பார்க்க லட்சணமாகவே இருக்கிறது. தமிழில், பூட்டிய திரையில் தெரிவது இவ்வளவுதான்:

“நாளை காலை 9.40 பலதுறை மருந்தக முன்பதிவு உறுதிசெய்யப்பட…”

பட்டதா, படவில்லையா?

ஆங்கில வாக்கியத்தில் ‘இல்லை’ என்று சொல்லும் ‘நாட்’ நடுவிலேயே வந்துவிடும். வாலை வெட்டினாலும் சேதி பிழைத்துக்கொள்ளும். தமிழில் வினை கடைசியில் வரும், ‘இல்லை’ அந்த வினைக்கும் கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும். நீங்கள் மூன்று புள்ளி வைத்த இடத்தில்தான் முழுச் சேதியும் இருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் மூத்தவருக்கு நிலைமை இன்னும் மோசம்: ‘முன்பதிவு உறுதி’ என்பதோடு வரி முடிந்துவிடும். அவர் அதை நம்பி, ரத்தப் பரிசோதனைக்காக இரவிலிருந்து எதுவும் சாப்பிடாமல், காலையில் பேருந்து ஏறுவார். மருந்தக முகப்பில் பட்டியலில் பெயர் இருக்காது. ‘செய்திதான் அனுப்பினோமே’ என்பார்கள். அனுப்பினீர்கள், பாதியை.

சரிசெய்வது பெரிய வேலை இல்லை. அறிவிப்புக்கு இரண்டு வரி கொடுங்கள். முடியாது என்றால் முடிவை முன்னால் போடுங்கள்: “உறுதியாகவில்லை: நாளை 9.40 முன்பதிவு”. இப்போது எங்கே வெட்டினாலும் கேடில்லை. குறுஞ்செய்திக்கும் இதே முறைதான். ஆங்கிலத்துக்கு 160 எழுத்து கிடைக்கும் இடத்தில் தமிழுக்கு 70 குறிகள்தான் (‘பி’ என்ற ஓர் எழுத்தே கணினிக்கு ‘ப’, ‘ி’ என இரண்டு குறி). அதைத் தாண்டினால் 67, 67 ஆகத் துண்டாகும். முதல் துண்டிலேயே முடிவு இருக்கட்டும்.

எங்கள் கோரிக்கை ஒன்றே: வெளியிடுவதற்கு முன் தமிழ்த் திரையைத் தமிழ் படிக்கும் ஒருவர் கையில், பெரிய எழுத்தில், கொடுத்துப் பாருங்கள்.

கொடுத்திருந்தால், ‘சமர்ப்பிக்கவும்’ என்ற சொல் வெட்டுப்பட்டு நிற்கும் அந்தப் பச்சைப் பொத்தானும் அன்றே மாட்டியிருக்கும். அந்தச் சொல் நம் கண்ணுக்கு 9 எழுத்து. எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு தரத்தின் கணக்கில் 15 குறிகள், அதைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 45 பைட். உங்கள் வரம்பு எதை எண்ணுகிறது? 14 குறிகளில் வெட்டினால் கடைசிப் புள்ளி உதிர்ந்து ‘சமர்ப்பிக்கவும’ என்று நிற்கும். வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் முழு எழுத்தாக வெட்டுங்கள், குறியாக வெட்டாதீர்கள். அதைவிட, ‘அனுப்பு’ என்று எழுதிவிடலாம், 4 எழுத்தில் முடிந்தது. பொத்தான் என்பது நாம் இயந்திரத்துக்கு இடும் கட்டளை. இயந்திரத்துக்கு ‘வும்’ போட்டு மரியாதை தர வேண்டியதில்லை. பொத்தானின் உயரத்தையும் ஆங்கில எழுத்தை வைத்து இறுக்காதீர்கள்: மேலே ‘கீ’யின் சுழியும் கீழே ‘மூ’வின் வாலும் சீவப்படுகின்றன. வரி உயரம் எழுத்தளவைப்போல் ஒன்றரை மடங்கு இருந்தால் போதும்.

அடுத்தது ஒட்டுவேலை. ஊர்ப்பெயரை ஒரு பெட்டியிலிருந்து எடுத்து, வேற்றுமை உருபை இன்னொரு பெட்டியிலிருந்து எடுத்து, நடுவில் இடம் விட்டு வைத்தால் “பிடோக் க்கு” என்றுதான் வரும். அநாதையாக நிற்கும் அந்த ‘க்கு’வைப் பார்க்கும்போதெல்லாம் யாரும் இதைப் படிக்கவில்லை என்பது தெரிந்துவிடுகிறது. “இடம்: பிடோக்” என்று எழுதினால் உருபே வேண்டாம்.

தேடலும் இப்படித்தான். ‘பொ’வின் உயிர்க்குறியை ‘ொ’ என்று ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ‘ெ’, ‘ா’ என்று இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. ‘பொங்கோல்’ என்ற பெயரில் இப்படி இரண்டு இடம் இருப்பதால் அதையே நான்கு விதமாகச் சேமிக்க முடியும். பயனர் ஒரு விதமாகத் தட்ட, உங்கள் தரவு வேறு விதமாக இருந்தால், ‘முடிவுகள் ஏதுமில்லை’. இரு பக்கத்தையும் யூனிகோடின் என்எஃப்சி வடிவுக்கு, அதாவது பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் பொது வடிவுக்கு, மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். ‘ௌ’வுக்குப் பதிலாக ‘ெ’யும் ளகரமும் தட்டியிருந்தால் மட்டும் என்எஃப்சி கைகொடுக்காது, அதற்குத் தனி விதி வேண்டும்.

மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேசாமலிருந்தால் நல்லது, ஆனால் கணக்கு இருப்பைக் காட்டும் இடத்தில் (ஆங்கில ‘பேலன்ஸ்’) ‘சமநிலை’ என்றும், முன்பதிவுப் பொத்தானில் (ஆங்கில ‘புக்’) ‘புத்தகம்’ என்றும் படித்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பது? மொழிபெயர்ப்பாளர் மேல் பழி போடாதீர்கள். திரையைக் காட்டாமல், விரிதாளில் ஒற்றைச் சொற்களை வரிசையாக அடுக்கி அனுப்பினால் யாருக்கும் இதுதான் நடக்கும். பெயர்ப் பெட்டி தனிக் கதை. அடையாள அட்டையில் உள்ளபடி, ‘இன்னாரின் மகன்’ என்பதைக் குறிக்கும் ‘எஸ்/ஓ’வைச் சாய்கோட்டோடு தட்டினால் ‘சரியான பெயரை உள்ளிடவும்’ என்கிறது. அப்பா வைத்த பெயர் சரியில்லையாம். பாதிப் படிவத்தில் மொழியைத் தமிழுக்கு மாற்றினால் அதுவரை நிரப்பியதெல்லாம் அழிந்துபோவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1997-இல் தமிழ்க் கணினிக்கான தமிழ்நெட் மாநாடு கூடிய ஊர் இது. தமிழ்க் கணினி முன்னோடி நா. கோவிந்தசாமி போன்றவர்கள் தமிழைத் திரையில் ஏற்ற அப்போதே மல்லுக்கட்டிய ஊரில், இன்று எல்லா வசதியும் இருந்தும் ஒரு புள்ளியைக் காப்பாற்ற முடியவில்லை.

கோபம் சற்று மிஞ்சிவிட்டது, பொறுத்தருள்க. முகப்பிலேயே ‘தமிழ்’ என்று தமிழில் எழுதிய மொழி மாற்றியை வைத்தீர்கள், அது நல்ல காரியம். அதைத் தொட்ட பிறகு வருவதும் அப்படியே இருக்கட்டும் என்றுதான் கேட்கிறோம்.

அடுத்த பதிப்புக்கு முன் எழுத்தளவை 200 விழுக்காட்டுக்கு ஏற்றுங்கள். எல்லாரும் இணையத்தைப் பயன்படுத்த வகுத்த டபிள்யூசிஏஜி அணுகல் நெறிகள் கேட்பதும் அந்த அளவைத்தான். தமிழ் படிக்கும் ஒரு மூத்தவரிடம் கைப்பேசியைக் கொடுத்து, “நாளைக்கு முன்பதிவு இருக்கா, இல்லையா?” என்று கேளுங்கள். அவர் திரையைத் தொடாமலேயே பதில் சொல்லும்வரை வெளியிட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தமிழ்த் திரைகளைச் சோதித்துப் பார்க்கும் சிலர்