அத்தைக்கு நீ அனுப்பிய செய்தி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். மாமாவின் இறுதிக் காரியங்கள் இங்கே சிங்கப்பூரில் மண்டாய் தகனச் சாலையில் குறையின்றி முடிந்ததைத் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டேன். இது வேறொன்றைப் பற்றியது. அன்று நம் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உறவினர்களோடு உட்கார்ந்திருந்தபோது, அத்தை தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "மாமாவின் மறைவுக்கு மன்னிக்கவும் அத்தை" என்று நீ அனுப்பியிருந்தாய். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இவள் எதற்கடா மன்னிப்புக் கேட்கிறாள்? சிட்னியில் இருக்கிற பிள்ளை என்ன தப்புச் செய்தாள்?" என்றார். அழுது வீங்கிய அந்த முகத்தில் கோபமில்லை, குழப்பந்தான் இருந்தது.

'சாரி' என்று ஆங்கிலத்தில் நினைத்து, அதைத் தமிழுக்கு மாற்றியிருக்கிறாய். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு வலியுற்ற, துயருற்ற என்பதே பொருள். புண்ணைக் குறிக்கும் 'சோர்' என்ற சொல்லோடு ஒரே வேரில் பிறந்தது. (துயரத்தைக் குறிக்கும் 'சாரோ' அதற்கு உடன்பிறப்பு போலத் தோன்றினாலும் வேறு வேரிலிருந்து வந்தது.) தவறு செய்தவன் சொல்லும் சொல்லாகவும் அது பின்னாளில் ஆனதால், எம்ஆர்டி ரயிலில் ஒருவர் காலை மிதித்தாலும் ஆங்கிலேயனுக்கு அதே சொல், சாவு வீட்டு வாசலிலும் அதே சொல். தமிழில் இவை இரண்டும் ஒரே கூரையின் கீழ் வாழ்வதில்லை. 'மன்னிக்கவும்' என்றாலே ஒரு குற்றம் நடந்திருக்க வேண்டும். 'பொறுத்துக்கொள்ளுங்கள்' என்பதும் அப்படித்தான். பொறுத்தல் என்றால் சுமத்தல், தாங்குதல். நம்மால் வந்த பாரத்தைக் கேட்பவர் தாங்கிக்கொள்ள வேண்டும் என்றல்லவா அதில் வேண்டுகிறோம்? கணவரை இழந்து நிற்பவரிடம் இதையுமா ஏற்றுவது?

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்த காலத்தில் இந்தச் சொல்லிடம் நான் மிகவும் எச்சரிக்கையாக இருப்பேன். கட்டுமானத் தளத்தில் உடன் வேலை செய்தவர் விழுந்து அடிபட்டதைப் பற்றிச் சாட்சி சொன்ன ஓர் ஊழியர், "எனக்கு மனசே சரியில்லைங்க" என்றார். அதை 'ஐ ஆம் சாரி' என்று பெயர்த்திருந்தால், விபத்துக்குத் தாமே காரணம் என்று அவர் ஒப்புக்கொள்வதுபோல் யாராவது எடுத்துக்கொண்டிருக்கக்கூடும். மனவேதனையைக் குறிக்கும் வேறு சொற்களைத் தேடிப் பிடித்துச் சொன்னேன். அதற்கு ஒரு கணம் தாமதமானதில் நீதிபதி நிமிர்ந்து பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது.

ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கே இது சிக்கல்தான். நீ வாழும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 2002ஆம் ஆண்டு உரிமையியல் பொறுப்புச் சட்டம், ஒருவர் 'சாரி' சொன்னதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கொள்ளக்கூடாது என்று தனியாகவே எழுதி வைக்க வேண்டியிருந்தது. பெற்றோரிடமிருந்து பிரித்து எடுத்துச் செல்லப்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகள் விவகாரத்தில், 1999இல் ஆஸ்திரேலியப் பிரதமர் ஜான் ஹாவர்ட் கொண்டுவந்த தீர்மானம் ஆழ்ந்த வருத்தத்தோடு நின்றுகொண்டது. அவருக்குப் பின் பிரதமரான கெவின் ரட் நாடாளுமன்றத்தில் எழுந்து 'சாரி' என்று சொன்னது 2008 பிப்ரவரி 13ஆம் தேதி. வருத்தத்துக்கும் மன்னிப்புக்கும் இடையிலிருந்த அந்த இடைவெளியை ஒரு நாடு கடக்க எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. தமிழில் அந்தச் செய்தியைப் படிப்பவனுக்கு வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நம் புளோக்கிலேயே பார். பெருநாளன்று நம் கதவைத் தட்டி "மாஃப் சாஹிர் டான் பாத்தின்" என்று வெளிப்படையான பிழைகளுக்கும் உள்ளத்துப் பிழைகளுக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கும் எதிர்வீட்டு மலாய்க்கார மக்சிக், அன்று அத்தையிடம் 'மாஃப்' என்று சொல்லவில்லை, இரங்கலுக்கென்றே உள்ள 'தக்சியா' என்ற சொல்லைச் சொன்னார். மூன்றாம் மாடிச் சீனத் தாத்தாவோ, துயரத்தை அடக்கி மாற்றத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பொருள்படும் நான்கெழுத்துத் தொடரைச் சொல்லித் தலை தாழ்த்தினார்.

நமக்கு 'ஆழ்ந்த இரங்கல்' என்றொரு தொடர் உண்டு. ஆனால் அது தமிழ் முரசு நாளிதழில் விளம்பரம் கொடுக்கப் பொருந்துமே தவிர, பெற்ற தாய்போல உன்னைத் தூக்கி வளர்த்தவரிடம் சொல்ல எனக்கு நா எழாது. துக்கம் கேட்கப் போகிறவர் பெரும்பாலும் ஒன்றும் சொல்வதில்லை. கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவார், கிளம்பும்போது 'போய் வருகிறேன்' என்றும் சொல்லாமல் எழுந்து போவார். தொலைவில் இருக்கும் உன்னால் கையைப் பிடிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும், ஆகவே குரலையாவது கொடு. சாப்பிட்டீர்களா அத்தை என்று கேள், மாமா உன்னைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டதைப் பேசு. மிச்சத்தை அவர் பேசிக்கொள்வார்.

பதினாறாம் நாள் காரியம் வரும் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன்பே கூப்பிட்டுவிடு. அத்தை இரவு ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துவிடுகிறார். உங்கள் ஊர்க் கடிகாரம் இப்போது நம்மைவிட இரண்டு மணி நேரம் முன்னால் ஓடுவதை மறந்துவிடாதே.

அன்புடன்,
அப்பா