மீடியேஷனுக்குப் போ, ஆனால் உன் பங்கைத் தெரிந்துகொண்டு போ

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு உன் அம்மா பெயரையே வைத்தது ரொம்ப சந்தோஷம். இங்கே என் அம்மா நலம். கண் ஆபரேஷன் முடிந்ததிலிருந்து பேப்பரைத் தானே படிக்கிறாள். படித்ததை எல்லாம் எனக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுகிறாள்.

சரி, வழக்குக்கு வருகிறேன். அப்பா வீட்டில் பங்கு கேட்டு நீ போட்ட பாகப்பிரிவினை வழக்கை நீதிபதி சமரச (மீடியேஷன்) மையத்துக்கு அனுப்பிவிட்டார், மறுபடியும் நாலு பேர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறாய். ஊர்ப் பெரியவர்கள் கூடி, "பொம்பளப் பிள்ளைக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே, இன்னும் என்ன பங்கு?" என்று உன்னைத் திருப்பி அனுப்பியதை நான் மறக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஊர்க்கூட்டத்தில் தீர்ப்புச் சொல்ல ஆள் இருந்தது. இங்கே எதிரே உட்காரும் சமரசருக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரமே கிடையாது. யார் பக்கம் நியாயம் என்று சொல்வதும் அவர் வேலை இல்லை. நீயும் உன் தம்பியும் உன் அம்மாவும் கையெழுத்துப் போட்டால்தான் அங்கே எதுவும் முடிவாகும். 40 மணி நேரப் பயிற்சி முடித்த பிறகுதான் என்னைப் போன்றவர்களைச் சமரசராக அந்த நாற்காலியில் உட்கார விடுகிறார்கள். வழக்கறிஞர்களான எங்களுக்கு அதில் கஷ்டமானதே வாயை மூடிக்கொண்டு கேட்பதுதான்.

முதலில் இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைப்பார்கள். உன் வக்கீலும் கூட வரலாம். நீ பேசும்போது தம்பி குறுக்கே பேசக் கூடாது, அவன் பேசும்போது நீயும் பேசக் கூடாது. பிறகு தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார்கள். இந்தத் தனி அமர்வைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அங்கே நீ சொல்வதை, நீ சம்மதிக்காமல் தம்பியிடம் சொல்ல மாட்டார்கள். எல்லார் முன்னாலும் வீம்பு பிடிப்பவர்கள்கூட தனியாக இருக்கும்போதுதான் எது தங்களைக் குடைகிறது என்று வாய் திறப்பார்கள். பல வீடுகளில் அது பணமாகவே இருப்பதில்லை. யாருடைய கதையையும் உனக்கு எழுத முடியாது. அந்த அறையில் பேசியது அங்கேயே இருக்க வேண்டும். பேச்சு முறிந்தாலும் தீர்வு ஏற்படவில்லை என்று மட்டும்தான் நீதிமன்றத்துக்கு எழுதுவோம். யார் மறுத்தார்கள் என்று எழுத மாட்டோம். அங்கே நீ இறங்கி வந்து ஏதாவது சொல்லியிருந்தால் அதை நாளைக்கு வழக்கில் உனக்கு எதிராகக் காட்டவும் முடியாது.

இந்த ஏற்பாடு முதலில் வந்ததே நம் தமிழ்நாட்டில்தான். நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் என்று நாட்டிலேயே முதலில் தொடங்கியது சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில், 2005 ஏப்ரல் 9 அன்று. மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு அதற்கு முன்னின்றவர். குடும்பப் பாகப்பிரிவினை சமரசத்துக்கு ஏற்ற வழக்கு என்று உச்ச நீதிமன்றமும் 2010இல் சொல்லியிருக்கிறது. எல்லா வழக்கும் அப்படி இல்லை. 2015இல் ஒரு பாலியல் வன்கொடுமை வழக்கையே சமரசத்துக்கு அனுப்பி நம் உயர் நீதிமன்றத்தில் ஓர் உத்தரவு வந்தது. பெரிய எதிர்ப்பு எழுந்த பிறகு அது திரும்பப் பெறப்பட்டது. அந்த மாதிரிக் குற்றத்தில் சமரசம் என்ற பேச்சே இருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு கண்டிப்பாகச் சொன்னது. இன்று நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

அதனால் உன்னிடம் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். உன் பங்கு எவ்வளவு என்று தெரிந்துகொண்டுதான் அந்த அறைக்குள் போக வேண்டும். அது உன் அப்பா சம்பாதித்துக் கட்டிய வீடு. உயில் எழுதவில்லை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உன் அம்மா, நீ, தம்பி மூன்று பேருக்கும் சம பங்கு. நகை போட்டதைக் காட்டி இதில் யாரும் கழிக்க முடியாது. முன்பெல்லாம், ஆண்கள் குடியிருக்கும் வீட்டைப் பிரித்துக் கொடு என்று மகள் கேட்க முடியாது. அதற்கென்று அதே சட்டத்தில் 23ஆம் பிரிவு ஒன்று இருந்தது. 2005இல் அதை நீக்கிவிட்டார்கள். சமரசம் என்றாலே பெண் விட்டுக்கொடுப்பது என்று நினைக்கும் சமரசர்களும் இருக்கிறார்கள். அப்படி யாராவது ஆரம்பித்தால், முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வா. வழக்கு அங்கேயேதான் இருக்கும்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் போகச் சொல்கிறேன் என்று கேட்பாய். வழக்கையே நடத்தினால், யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணை, அதன்மேல் அப்பீல், பிறகு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் இரண்டாவது அப்பீல், அதற்கும் பிறகு நீதிமன்றம் அனுப்பும் கமிஷனர் வந்து அளந்து இறுதித் தீர்ப்பாணை. உன் அம்மாவுக்கு இப்போதே எழுபத்தெட்டு வயது. அதோடு, அந்தச் சின்ன வீட்டை மூன்றாகப் பிரிக்க வழியில்லை என்றால் நீதிமன்றம் விற்கத்தான் சொல்லும். சமரசத்தில், தம்பி வீட்டை வைத்துக்கொண்டு உன் பங்குக்கு மூன்று தவணையில் பணம் தரட்டும் என்று எழுதிக்கொள்ளலாம். அம்மா உயிரோடு இருக்கும்வரை முன்னறை அவளுக்குத்தான் என்று எழுதலாம். குலதெய்வம் கோயில் கொடைக்கு யார் வரி கொடுப்பது என்பதைக்கூட எழுதலாம். எந்த நீதிபதியும் இதையெல்லாம் தீர்ப்பில் எழுதித் தர முடியாது. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டதை வைத்து நீதிமன்றம் தீர்ப்பாணை கொடுத்துவிடும். அதன்மேல் சாதாரணமாக அப்பீல் இல்லை. நீ கட்டிய கோர்ட் கட்டணம் முழுவதும் திரும்பி வரும். மையத்தில் சமரசருக்கும் நீ ஒன்றும் தர வேண்டாம்.

நான் உனக்குச் சமரசராக உட்கார முடியாது. தோழி என்று சொல்லி விலகத்தான் வேண்டும். ஆனால் போவதற்கு முன்னால் பத்திர நகல், வாரிசுச் சான்றிதழ், பட்டா, வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் எடுத்து வை. பதிவு அலுவலகத்தில் வழிகாட்டி மதிப்பைப் பார். அந்தத் தெருவில் இப்போது சென்ட் என்ன விலைக்குப் போகிறது என்று இரண்டு பேரிடமாவது விசாரி. எந்தத் தொகைக்குக் கீழே சம்மதிக்க மாட்டாய் என்பதை வீட்டிலேயே முடிவு பண்ணி, உன் வக்கீலிடம் மட்டும் சொல்லி வை. தம்பி மனைவியையும் கூட்டிவரச் சொல்லலாமா என்று சமரசரிடம் கேட்டுப் பார். தம்பி அவள் பேச்சைத்தான் கேட்பான் என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

எந்தத் தேதி கொடுத்திருக்கிறார்கள் என்று நீ எழுதவில்லை. தெரிந்ததும் போன் பண்ணு. முந்தின நாள் ராத்திரி எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை, பேசலாம். என் அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
சாந்தி