எக்ஸ்-கதிர் ஆடி செய்த மும்பைக் கைகளுக்கு

வணக்கம்.

ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டேன். நன்றியுரைப் பக்கத்தில் நெறியாளர், நண்பர்கள், வீட்டார் எல்லோரும் இருக்கிறார்கள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆடி செய்த உங்களுக்குக் கிடைத்தது ஒரே வரி. அது எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

நான் ஆராய்ந்தவை பிளேசார்கள், அதாவது நம் திசையில் தாரை பீச்சும் ராட்சதக் கருந்துளையை நடுவில் கொண்ட விண்மீன் மண்டலங்கள். அவற்றின் எக்ஸ்-கதிர்கள், இந்தியாவின் வானியல் செயற்கைக்கோளான அஸ்ட்ரோசாட்டின் மென் எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியில் நீங்கள் செய்த ஆடிகளில் இருமுறை பட்டுத் திரும்பித்தான் கேமராவுக்குப் போயின. நேராக விழுந்தால் எக்ஸ்-கதிரை ஆடி விழுங்கிவிடும். ஒரு பாகைக்கும் குறைந்த சாய்வில் உரசினால்தான் திரும்பும். அதற்கும் பரப்பின் மேடுபள்ளம் ஒரு நானோமீட்டர் அளவைத் தாண்டக் கூடாது. காகிதம் போன்ற அலுமினியத் தகட்டை எப்படித் தேய்த்து அந்த வழவழப்புக்குக் கொண்டுவருவது?

நீங்கள் தேய்க்கவே இல்லை. ஏற்கெனவே வழவழப்பான கண்ணாடி அச்சின் மேல் தங்கத்தைப் படியவைத்தீர்கள். எப்பாக்சிப் பசை தெளித்து, வளைத்த தகட்டை வெற்றிடத்தில் அதோடு சேர்த்தீர்கள். இடையில் காற்றுக் குமிழி சிக்கக் கூடாதே. பசை இறுகியதும் தகட்டைப் பிரித்தால், கண்ணாடியை அவ்வளவாகப் பற்றாத தங்கம் பசையோடு வந்துவிடும், கண்ணாடியின் வழவழப்பையும் பிரதியெடுத்துக்கொண்டு. எனக்குப் பிடித்தது இந்தச் சாமர்த்தியம்தான்.

ஒதுக்கி வைத்த ஒரு தகட்டை எனக்குக் காட்டினீர்கள். என் முகம் பளிச்சென்று தெரிந்தது. ஒரு குறையும் இல்லையே என்றேன். விளக்கைச் சாய்த்துப் பிடித்ததும் ஓரத்தில் ஒரு சின்னப் புடைப்பு: பசைக்கடியில் மாட்டிய தூசி. இப்படிப் பார்த்துப் பார்த்துத் தேறியவை 320 ஆடிகள், ஒன்றுக்குள் ஒன்றாக 40 அடுக்குகளில். அந்தப் பொறுமை என்னிடம் சத்தியமாக இல்லை.

கேமரா தந்த லெஸ்டர் பல்கலைக்கழகத்தாருக்கும், 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய இஸ்ரோவினருக்கும், கேட்ட போதெல்லாம் தரவை விளக்கிய தரவு மையத்தாருக்கும் நன்றி. தொலைநோக்கி முதலில் பார்த்ததும் ஒரு பிளேசார்தான், பி.கே.எஸ். 2155-304. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

ஆய்வேட்டின் ஒரு படியை உங்கள் ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். சமன்பாடுகளைத் தள்ளிவிட்டுப் படங்களை மட்டுமாவது பாருங்கள். மும்பை வரும்போது இனிப்போடு வருகிறேன். தூசி புகாத உங்கள் தூய அறைக்கு வெளியேதான் பிரிப்பேன், பயப்பட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் ஆடிகளால் பட்டம் வாங்கப்போகும் மாணவி