படத்தில் இருக்கும் பனிக்கு ஸ்கீ வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் காஷ்மீரின் குல்மார்க் பனிச்சறுக்கு பற்றி வந்த கட்டுரையைத் தண்டையார்பேட்டை டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். படங்கள் அருமை. ஆனால் நடுவில் ஒரு வரி இருக்கிறது: தடத்தை விட்டு வெளியே, அதாவது ஆஃப்-பிஸ்ட்டில் சறுக்க விரும்புகிறவர்கள் ஸ்கீயை, அதாவது காலில் மாட்டும் சறுக்குப் பலகையை, எவ்வளவு அகலமாகக் கிடைக்கிறதோ அவ்வளவு அகலமாக வாங்கலாம் என்று. இதே யோசனையை வேறு எங்கோ கேட்டுத்தான் என் அக்கா மகன் போன வருடம் பணத்தை விட்டான். அதனால் இந்தக் கடிதம்.

வடசென்னைக்காரனுக்கும் ஸ்கீக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நான் காசிமேட்டில் பிறந்தவன். அப்பா மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைத்துக் கொடுத்தவர். பட்டாளத்தில் சேர்ந்த பிறகு, 1990களில் இரண்டு குளிர்காலம் குல்மார்க்கில் பயிற்சிக்குப் போட்டார்கள். ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளி 1948 முதல் அங்கேதான் இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு அங்குள்ள ஒரு பழைய நண்பரின் வாடகைக் கடையில் ஆறு சீசன் வேலை பார்த்தேன். ஸ்கீக்கு மெழுகு தேய்ப்பது, விளிம்பு தீட்டுவது, பூட்ஸை ஸ்கீயோடு பிடித்து வைக்கும் பைண்டிங்கை மாட்டுவது. எந்த ஸ்கீயை எடுத்துப் போனவர் சாயங்காலம் எந்த முகத்தோடு திரும்புகிறார் என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது கொஞ்சம்.

பனியில் என்ன பெரிய வகை என்று கேட்பவர்கள் ஒரு நாள் காசிமேட்டு ஐஸ் க்ரஷர் பக்கம் வந்து நிற்க வேண்டும். க்ரஷரிலிருந்து கொட்டும்போது ஐஸ் பொலபொலவென்று இருக்கும், கை உள்ளே போகும். கொஞ்ச நேரம் வெயில் பட்டால் நீர் விட்டுச் சொதசொதக்கும். பெட்டியில் மூடி வைத்து மறுநாள் திறந்தால் பாளமாக ஒட்டிக் கிடக்கும், கடப்பாரை போட்டுத்தான் பெயர்க்க வேண்டும். எல்லாம் ஒரே ஐஸ்தான். மலையிலும் இதுதான் நடக்கிறது, அங்கே கூடவே காற்றும் சேர்ந்துகொள்கிறது.

குல்மார்க் ஊர் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோண்டோலா என்ற ரோப் காரின் இரண்டாம் கட்டம் உங்களை அஃபர்வத் மலைமுகட்டுக்குப் பக்கத்தில், கிட்டத்தட்ட 4,000 மீட்டரில் இறக்கிவிடும். அங்கே காற்று அடித்து அடித்துப் பனி சிமெண்டுத் தரையாகிக் கிடக்கும். கொஞ்சம் இறங்கி நிழல் சரிவுக்குள் திரும்பினால் முழங்கால் வரை பவுடர், அதாவது பொலபொலவென்ற பனி. இன்னொரு மடிப்பைத் தாண்டி வெயில் பக்கம் வந்தால் மேலே ஓடு கட்டியிருக்கும், அதை க்ரஸ்ட் என்பார்கள். அப்பளம் மாதிரி உடையும், கால் உள்ளே போகும், இழுத்தால் வராது. அதற்கும் கீழே காட்டுக்குள் நமக்கு முன்னால் போன பத்துப் பேர் கிண்டி வைத்த மேடுபள்ளம். அப்படியே பாபா ரேஷி பக்கம் இறங்கினால் உயரம் குறையக் குறையப் பனி ஈரமாகி, பிசைந்த மைதா போலக் காலைப் பிடித்துக்கொள்ளும். ஒரே இறக்கத்தில் இத்தனையும் உண்டு. கட்டுரையில் போட்ட படம் இதில் இரண்டாவதான பவுடரை மட்டும் காட்டுகிறது.

என் அக்கா மகன் வாங்கியது காலடியில் 122 மில்லிமீட்டர் அகலம், 190 சென்டிமீட்டர் நீளம். அவன் உயரமே 170. இரண்டாம் கையாக ஆன்லைனில் மலிவாகக் கிடைத்ததாம். பைண்டிங் தனியாக வாங்கினான், கழன்ற ஸ்கீ ஓடிவிடாமல் பனியில் குத்தி நிறுத்தும் அதன் பிரேக் 100 மில்லிமீட்டர் ஸ்கீக்கு ஆனது. பிரேக்கின் இரண்டு கைகளும் ஸ்கீயைத் தாண்டிக் கீழே இறங்கவே இல்லை. விற்றவரிடம் கேட்டால் கொஞ்சம் வளைத்துக்கொள்ளுங்கள் என்றாராம். சரி, அதையும் வளைத்துக்கொண்டு மார்ச் மூன்றாவது வாரம் கிளம்பினான்.

சில்லை கலான் என்று காஷ்மீரிகள் சொல்லும் கடுங்குளிர் நாற்பது நாள், டிசம்பர் 21-இல் தொடங்கி ஜனவரி கடைசியில் முடிந்துவிடும். மார்ச்சில் பகல் முழுக்க வெயில், ராத்திரி உறைபனி. காலையில் மலை கண்ணாடியாக இருக்கும், பதினோரு மணிக்கு மேல் இளகும், மத்தியானம் சேறு. மூன்றாம் நாள் ராத்திரி போன் செய்தான். "மாமா, முழங்கால் வலி தாங்கல. ஸ்கீ சரியில்லையா, நான் சரியில்லையா?" அவன் மேல் தப்பில்லை என்றுதான் சொன்னேன். முழுக்க உண்மை இல்லை, ஆனாலும் சொன்னேன்.

அகலமான பலகை மிதக்கும் என்பதைக் காசிமேட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். கெட்டிப் பனியில் மிதக்க ஒன்றுமில்லை, ஸ்கீயைச் சாய்த்து அதன் இரும்பு விளிம்பின் மேல் நிற்க வேண்டும். பலகை அகலமானால் அந்த விளிம்பு பாதத்தின் நடுவிலிருந்து தள்ளிப் போகிறது. அதைச் சாய்க்கவும் சாய்த்தபடி பிடித்து வைக்கவும் கணுக்காலும் முழங்காலும் கூடுதலாக உழைக்கின்றன, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றுவதும் தாமதமாகிறது. பையனின் முழங்கால் வலி அங்கிருந்து வந்ததுதான்.

அகலத்தை விட முன்பக்கத் தூக்கல்தான் முக்கியம் என்பேன். கரையில் நிற்கும் ஃபைபர் படகைப் பாருங்கள். அதன் முன்பகுதியான அணியம் தூக்கி இருப்பதால்தான் அலைக்குள் புதையாமல் அலை மேல் ஏறுகிறது. ஸ்கீயில் இதற்கு ராக்கர் என்று பேர். இந்த யோசனை தண்ணீரிலிருந்தே வந்தது. ஷேன் மெக்காங்கி என்ற சறுக்கு வீரர் தண்ணீர்ச் சறுக்குப் பலகையில் பைண்டிங் மாட்டி அலாஸ்கா மலையில் இறங்கிப் பார்த்தார். 2002 வாக்கில் வோலன்ட் நிறுவனம் அவர் யோசனைப்படி நடுவில் அகலமாக, இரு முனையும் தூக்கி ஒரு ஸ்கீ செய்தது. பெயர் ஸ்பாச்சுலா, நம்மூர் தோசைத் திருப்பி! ஆழமான பவுடரில் அதற்கு ஈடில்லை, இறுகிய பனியில் அதை வைத்துக்கொண்டு திண்டாட்டம். பிறகு வந்தவர்கள் முன்பக்கத் தூக்கலை வைத்துக்கொண்டு, காலடியில் மேல் நோக்கி வளையும் பழைய வில் வளைவைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். நாம் வாங்க வேண்டியது அந்தக் கலப்பைத்தான். முன்னே நன்றாகத் தூக்கி, காலடியில் வில் வளைவு, பின்னால் லேசான தூக்கல்.

கடையில் இதைப் பார்க்கச் சுலபமான வழி உண்டு. இரண்டு ஸ்கீயையும் அடியோடு அடி சேர்த்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். நடுவில் சந்து தெரிந்தால் அது வில் வளைவு. முனைப் பக்கம் இரண்டும் எங்கே பிரியத் தொடங்குகின்றனவோ அங்கேதான் ராக்கர் ஆரம்பம். விற்பவர் சொல்வதைக் கேட்பதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.

அகலம் எவ்வளவு என்றால், ஒரே ஒரு ஜோடிதான் வாங்கப் போகிறீர்கள், குல்மார்க் போன்ற இடத்தில் எல்லாப் பனியிலும் இறங்க வேண்டும் என்றால் காலடியில் 95 முதல் 105 மில்லிமீட்டர். ஒல்லியானவர்கள் இன்னும் குறைத்துக்கொள்ளலாம், 55 கிலோ பெண்ணுக்கும் 90 கிலோ ஆணுக்கும் ஒரே பலகை எதற்கு? உத்தராகண்டின் ஔலிக்குப் போய் இறுக்கிய தடத்திலேயே பெரும்பாலும் ஓட்டுவதென்றால் 80-85 போதும். முழங்கால் பவுடர் விழுகிற நாளில் அகல ஸ்கீயை அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுங்கள். வருடத்துக்கு ஒரு வாரம் போகிற நமக்கு அப்படிப்பட்ட நாள் ஒன்று வாய்த்தாலே அதிர்ஷ்டம்.

நீளம் உங்கள் உயரத்தை ஒட்டி இருந்தால் சரி, ராக்கர் அதிகமானால் கொஞ்சம் கூட்டலாம். ஸ்கீயின் பக்க வளைவு தரும் திரும்பும் வட்டத்தின் ஆரம் 18 முதல் 22 மீட்டர் வரை பாருங்கள். அது ரொம்பச் சிறியதாக இருந்தால் க்ரஸ்ட்டில் முனை மாட்டிக்கொண்டு தானாகத் திரும்பும், நீங்கள் நேராகப் போவீர்கள். எடை விஷயத்தில் பையன்கள் எல்லோரும் தவறு செய்கிறார்கள். லேசானது நல்லது என்ற எண்ணம். மலையேறி நடந்து போய்ச் சறுக்குகிறவர்களுக்கு அது உண்மைதான். கோண்டோலாவில் ஏறுகிற நமக்கு ஒரு ஸ்கீ இரண்டு கிலோவை ஒட்டி இருந்தாலும் கஷ்டமில்லை. கிண்டிப் போட்ட பனியில் லேசான பலகை துள்ளும், கனமானது அடக்கமாக ஊடுருவிப் போகும்.

காசு போதவில்லை என்றால் ஸ்கீயை வாடகைக்கு எடுத்துக்கொண்டு பூட்ஸை மட்டும் சொந்தமாக வாங்குங்கள். ஆறு சீசனில் நான் பார்த்த அழுகையில் பாதிக்கு மேல் பூட்ஸால் வந்தது.

இன்னொன்று நம்ம ஏரியாவுக்கே உரியது. தண்டையார்பேட்டை உப்புக்காற்றில் ஸ்கீயின் விளிம்பு சீக்கிரம் துருப்பிடித்துவிடும். ஊருக்கு வந்ததும் பையிலிருந்து எடுத்துத் துடைத்து, அடிப்பக்கமும் விளிம்பும் மூடும்படி மெழுகை உருக்கித் தடித்துப் பூசி, சுரண்டாமல் அடுத்த சீசன் வரை வைத்துவிடுங்கள். நான் பழைய இஸ்திரிப் பெட்டியை வைத்து மொட்டை மாடியில் இதைச் செய்யும்போது எதிர்வீட்டு அம்மா, ஜன்னல் சட்டம் செய்து விற்கிறேன் என்று நினைத்து விலை கேட்டார்.

ஸ்கீயைப் பற்றி இத்தனை எழுதிய கட்டுரை, மலையிலிருந்து பனி பெயர்ந்து விழும் பனிச்சரிவைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. 2023 பிப்ரவரியில் அஃபர்வத் சரிவில் இரண்டு போலந்துக்காரர்கள் பனிச்சரிவில் இறந்தார்கள். சறுக்க ஆசையாக இருக்கும் 30 முதல் 45 டிகிரி சரிவுகளில்தான் பெரும்பாலான பனிச்சரிவுகள் கிளம்புகின்றன. புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுக்க வேண்டும். அதற்குப் புதைந்த இடத்தைக் காட்டும் சிக்னல் கருவி, குத்துக்கோல், மண்வாரி மூன்றும் கூட வருகிற ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும், பயன்படுத்தவும் தெரிய வேண்டும். இவை இல்லாதவர்கள் இறுக்கிய தடத்திலேயே ஓட்டட்டும், அதற்கு நான் சொன்ன 80-85 போதும்.

ஆகவே அந்த ஒரு வரியை அடுத்த ஞாயிறே திருத்திப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். தீபாவளி போனஸ் வந்ததும் பிள்ளைகள் ஆர்டர் போட்டுவிடுவார்கள்.

இப்படிக்கு,
முன்னாள் ஹவில்தார் ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை-81