மாணவர்களைப் புறக்கோட்டைக்கு அனுப்புங்கள்: மார்க்கெட்டிங் பாடத்திட்டம் வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பில் சந்தைப்படுத்தல் டிப்ளோமாவும் பட்டமும் நடத்தும் நிறுவனங்களின் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். நுகர்பொருள் விற்கும் ஒரு கம்பனியின் சந்தைப்படுத்தல் பிரிவில் நீண்ட காலமாக வேலை செய்கிறேன். உங்களிடம் படித்துவிட்டு வேலை கேட்டு வருபவர்களை நேர்முகத்தில் சந்திப்பதும் என் பொறுப்புகளில் ஒன்று. நல்ல பிள்ளைகள். உடுப்பு நேர்த்தி, ஆங்கிலம் சரளம், பவர்பொயின்ட் பளிச். 1960இல் ஜெரோம் மெக்கார்த்தி வகுத்த பொருள், விலை, இடம், மேம்படுத்தல் என்ற சந்தைப்படுத்தலின் நான்கு கூறுகளையும் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். சரி, இந்தப் பக்கெட்டை 236 ரூபாவுக்கு விற்றால் கம்பனியின் கைக்கு எவ்வளவு வரும் என்று கேட்டால் பதில் வராது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

உயர்தரப் பெறுபேறு வந்ததும் வெள்ளவத்தையில் காலி வீதி நெடுக உங்கள் பதாகைகள் தொங்கும். கோட் போட்ட இளைஞர், கையில் மைக், முகம் நிறையச் சிரிப்பு. அதைப் பார்க்கும் பெற்றோரும் "பிள்ளைக்கு நல்லாக் கதைக்கத் தெரியும், மார்க்கெட்டிங்குக்கு விடுவம்" என்று முடிவெடுக்கிறார்கள். என் அனுபவத்தில் இந்தத் துறையில் நிலைத்து நின்று மேலே போனவர்களில் பலர் அவ்வளவாகக் கதைக்காதவர்கள். கேட்பார்கள், பார்ப்பார்கள், கணக்குப் போடுவார்கள். இந்த மூன்றையும் நீங்கள் ஒழுங்காகக் கற்பிப்பதில்லை என்பதே என் முறைப்பாடு.

அந்த 236 ரூபாவையே எடுப்போம். அட்டை விலைக்குள் பெறுமதி சேர் வரி இருக்கிறது. 2024 ஜனவரியிலிருந்து அது 18 வீதம். வருகிறவர்களில் அநேகர் 236இல் 18 வீதம் என்று 42 ரூபா 48 சதத்தைக் கழிப்பார்கள். வரி ஏறியது 200 ரூபாவின் மேல், ஆகவே கழிக்க வேண்டியது 36. மிஞ்சும் 200இல் கடைக்காரருக்கு 20, விநியோகஸ்தருக்கு 10 என்று வைத்துக்கொண்டால் கம்பனிக்கு 170 வருகிறது. மூலப்பொருள், பொதி, தொழிற்சாலை, லொறி எல்லாவற்றுக்கும் 130 போனால் நிற்பது 40 ரூபா. விளம்பரம், சம்பளம், வாடகை, இலாபம் எல்லாம் இந்த நாற்பதுக்குள்தான்.

இப்போது அந்தப் பிள்ளை உற்சாகமாக ஒரு யோசனை சொல்லும்: "சேர், பத்து வீதம் டிஸ்கவுன்ட் போடுவம்." பத்து வீதம் என்பது காதுக்குச் சின்னதாகத்தான் இருக்கிறது. வரி நீங்கிய விலையில் 20 ரூபா குறையும். கடைக்காரரும் விநியோகஸ்தரும் தங்கள் பங்கை விட்டுத் தரமாட்டார்கள், அந்த 20 ரூபாவும் கம்பனியின் நாற்பதிலிருந்துதான் போகும். பாதி போய்விட்டது. முன்பு வந்த அதே தொகை வருவதற்கு இரண்டு மடங்கு பக்கெட் விற்றாக வேண்டும். விற்குமா? சில பொருள் விற்கும், சிலது விற்காது. டிஸ்கவுன்ட் நேரத்தில் வாங்கி அடுக்கி வைத்துக்கொண்டு அடுத்த மாதம் கடைப் பக்கமே வராத வாடிக்கையாளரும் உண்டு. இந்தக் கேள்விகளைத் தானாகக் கேட்கிறவரைத்தான் நான் வேலைக்கு எடுக்கிறேன், அவருடைய ஆங்கிலம் கொஞ்சம் தடுக்கினாலும்.

உயர்தரத்தில் கணக்கீடு படித்தவர்களே இந்த இடத்தில் தடுமாறுவதுதான் வேடிக்கை. கணக்கீடு ஒரு பாடம், மார்க்கெட்டிங் வேறொரு பாடம், இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர். இணைய விளம்பரத்திலும் இதே கதை. பேஸ்புக்கில் ஒரு இலட்சம் ரூபா செலவழித்து, 2,000 பேர் க்ளிக் செய்து, 40 பேர் வாங்கினார்கள் என்றால் மாணவர் 2,000 என்ற எண்ணைத்தான் பெரிய எழுத்தில் போடுகிறார். ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 2,500 ரூபா போயிருக்கிறது. அவர் வாங்கியதில் 1,800 ரூபாதான் மிஞ்சும் என்றால், ஒவ்வொரு விற்பனையிலும் 700 ரூபா நட்டம். அவர் திரும்பத் திரும்ப வந்து வாங்கினால் அந்த நட்டம் முதலீடாக மாறலாம். வருவாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதைக் கேட்கும் ஒரு வினாத்தாளை உங்களிடமிருந்து நான் இன்னும் காணவில்லை.

அப்புறம், காது.

சந்தை ஆய்வு என்று உங்கள் பாடத்தில் ஒரு பகுதி உண்டு. மாணவர்கள் கூகுள் படிவம் ஒன்றைத் தயாரித்து வட்ஸ்அப் குழுக்களில் போடுகிறார்கள். வகுப்புத் தோழர்களும் மச்சான்மாரும் நிரப்புகிறார்கள். பெரும்பான்மையான நுகர்வோர் இப்பொருளை விரும்புகின்றனர் என்று ஒரு வட்ட வரைபடம் வருகிறது. நீங்களும் புள்ளி போடுகிறீர்கள்.

அதே பிள்ளையைப் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்தக் கடையின் ஓரமாகக் காலை முழுவதும் நிற்க வையுங்கள். நாட்டாமைமார் மூட்டை சுமந்து வழி கேட்டுக் கத்துவார்கள், வெயில் ஏறும், வெங்காயத் தோல் காலில் ஒட்டும். முதலாளியிடம் நேரே போய்க் கேட்டால் "எல்லாம் நல்லாப் போகுது தம்பி" என்பதோடு முடித்துவிடுவார். பில் போடும் இடைவெளியில், அவசரம் காட்டாமல் நிற்பவனிடம்தான் அவர் வாய் திறக்கும். எது ஓடுகிறது, எது தூசி பிடிக்கிறது, எந்தக் கம்பனியின் ரெப் (விற்பனைப் பிரதிநிதி) சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான், எந்தக் கம்பனி பழுதான சரக்கைத் திருப்பி எடுக்காமல் இழுத்தடிக்கிறது, யார் எத்தனை நாள் கடன் தருகிறார்கள். தலைமை அலுவலகத்துக்கு வரும் எந்த அறிக்கையிலும் இது இராது.

பிறகு கொட்டாஞ்சேனையில் ஒரு சந்துக் கடை. வருகிறவர் பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்கிறாரா, "அந்தச் சிவப்புப் பக்கெட்" என்று கேட்கிறாரா, "மலிவானது எது" என்று கேட்கிறாரா? மூன்றும் மூன்று விதமான வியாபாரம். பெயர் சொல்லிக் கேட்டால், கடையில் சரக்கு இல்லாமல் போகாதபடி பார்ப்பதே பெரிய வேலை. நிறத்தைச் சொல்லிக் கேட்டால், பொதியின் வடிவத்தை மாற்ற ஆசைப்படும் புது மனேஜரின் கையைப் பிடித்துத் தடுக்க வேண்டும். மலிவானதைக் கேட்டால், விளம்பரத்தில் கொட்டும் காசை விலையிலும் பொதி அளவிலும் போடுவது புத்தி. ஒரு பின்னேரம் கடையில் நின்றால் பிடிபடுகிற விஷயம் இது. ஒரு தவணை முழுக்க ஸ்லைட் பார்த்தும் பிடிபடுவதில்லை.

2022ஐ நினைத்துப் பாருங்கள். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அந்த செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. 400 கிராம் பால்மாப் பக்கெட்டை உடைத்துச் சின்னப் பைகளில் நிறுத்து விற்ற கடைகளை அப்போது கண்டேன். சனம் எந்த அளவில் வாங்கும் நிலைக்கு வந்துவிட்டது என்று கடைக்காரர்கள் அலுவலகங்களுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். கடைப் பக்கம் கால் வைத்த மார்க்கெட்டிங் காரர்கள் சின்னப் பொதிக்கு விரைவாக மாறினார்கள். மற்றவர்கள் பிராண்டின் பெருமை பற்றிக் கூட்டம் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

உங்கள் வகுப்பறைகளில், விளம்பர உலகில் பெயர் பெற்ற டேவிட் ஒகில்வியின் வாசகங்கள் தாராளமாகப் புழங்குகின்றன. 1948இல் நியூயோர்க்கில் ஏஜென்சி தொடங்குவதற்கு வெகு முன்பே, 1930களில் ஸ்கொட்லாந்தில் வீடு வீடாகக் கதவு தட்டி 'ஆகா' (AGA) என்ற பெயருடைய சமையல் அடுப்பு விற்றவர் அவர். 1935இல் சக விற்பனையாளர்களுக்காக அவர் எழுதிய கைநூல்தான் லண்டனில் ஒரு விளம்பர ஏஜென்சியில் அவருக்கு வேலை வாங்கித் தந்தது. பின்னர் அமெரிக்காவில் ஜோர்ஜ் கலப் (Gallup) என்பவரின் கருத்துக்கணிப்பு ஆய்வு நிறுவனத்தில் மக்கள் கருத்தை அளக்கப் பழகினார். கதவு தட்டியதையும் கருத்தை அளந்ததையும் விட்டுவிட்டு வாசகங்களை மட்டும் மாணவருக்குக் கொடுப்பதில் என்ன பயன்?

இன்னொரு திறமை இருக்கிறது. அதற்குப் பாடப்புத்தகத்தில் தலைப்பே இல்லை. தன் வேலையால் எது நடந்தது, எது தானாக நடந்தது என்று பிரித்துப் பார்ப்பது. மார்ச்சில் விளம்பரம் போட்டோம், ஏப்ரலில் விற்பனை ஏறியது, ஆகவே விளம்பரம் வெற்றி என்று மாணவர்கள் எழுதிக்கொண்டு வருகிறார்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய வாரங்களில் கொழும்பில் எதுதான் விற்காது? போன ஏப்ரலோடு ஒப்பிட்டார்களா? விலை மாறியதா? போட்டிக் கம்பனியிடம் சரக்குத் தட்டுப்பாடா? ஏறக்குறைய ஒத்த இரண்டு ஊர்களை எடுத்து ஒன்றில் விளம்பரத்தை ஓட்டி, மற்றதில் நிறுத்திப் பார்த்தார்களா? விஞ்ஞானப் பிரிவுப் பிள்ளைக்கு ஆய்வுகூடத்தில் சொல்லிக்கொடுக்கும் சாதாரண ஒழுங்குதான் இது.

பிரித்துப் பார்த்த பிறகு அதை வாய் திறந்து சொல்லவும் வேண்டும், அது இன்னும் கடினம். மனேஜரின் சொந்த யோசனையில் ஓடிய கம்பெய்ன், கூட்டத்தில் இயக்குநர்களும் இருக்கிறார்கள், அங்கே "சேர், இதால கூடின மாதிரித் தெரியேல்ல" என்று மரியாதையாகச் சொல்ல ஒரு பழக்கம் தேவை. முதலில் எண், பிறகு அதற்கான காரணம், பிறகு அடுத்து என்ன செய்யலாம் என்று ஒரு வழி. உங்கள் வகுப்பில் நடக்கும் அளிக்கைகளில் தோற்றுப்போன கம்பெய்ன் ஒன்றையும் நான் பார்த்ததில்லை. எல்லாமே வெற்றி. நடுவராக என்னை அழைத்த போதெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறேன். தேநீரும் ரோல்ஸும் கிடைத்தன, பாடத்திட்டம் மாறவில்லை.

எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையைப் பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கத்திலும் வீடு வீடாகக் கேட்ட காலம் இருந்தது. எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் போன்றோரின் குரலுக்காகவே வானொலியைத் திருப்பினார்கள், அவர்கள் வாயால் வந்தால் விளம்பரத்தையும் காது கொடுத்துக் கேட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் இன்று விளம்பரம் முதலில் ஆங்கிலத்தில் பிறக்கிறது, பிறகு சிங்களத்துக்குப் போகிறது, அச்சுக்கு அனுப்பும் கடைசி மணித்தியாலத்தில் தமிழ் நினைவுக்கு வருகிறது. வெள்ளவத்தையில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்து ஆசிரியை, மாளிகாவத்தையில் தையல் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர், ஹற்றன் பக்கத்திலிருந்து வந்து புறக்கோட்டைக் கடையில் நிற்கும் இளைஞன், மூவரும் தமிழ்தான் பேசுகிறார்கள், மூவருக்கும் கேட்டுப் பழகிய தமிழ் வேறு வேறு. மூவருக்கும் ஒட்டுகிற நாலு வரி எழுதத் தெரிந்தவரை கம்பனிகள் தேடிக்கொண்டே இருக்கின்றன. உங்கள் மாணவர்களில் பாதிப் பேருக்காவது இந்தத் திறமை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதற்கு ஒரு ஒப்படை கூட நீங்கள் கொடுப்பதில்லை. கூடவே சிங்களமும் வேண்டும். தமிழ்ப் பிள்ளைகள் சிங்களத்தில் பேசப் பழகாமல் இந்த ஊரில் விற்பனைப் பக்கம் போவது ஒற்றைக் கையைக் கட்டிக்கொண்டு போவதுதான். ஆங்கிலத்தை நீங்கள் ஏற்கனவே பார்த்துக்கொள்கிறீர்கள், அதில் குறையில்லை.

மென்பொருள்களை நீங்கள் ஆர்வத்தோடு கற்பிக்கிறீர்கள். நல்லது, ஆனால் அவை மாறிக்கொண்டே இருக்கும். 2023 ஜூலையில் கூகுள், இணையத்தளத்துக்கு வருவோரைக் கணக்கெடுக்கும் தன் பழைய அனலிட்டிக்ஸை நிறுத்திப் புதியதற்கு மாற்றியபோது, எந்தப் பொத்தானை அழுத்துவது என்று மனனம் செய்தவர்கள் திண்டாடினார்கள். என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று அறிந்தவர்கள் கொஞ்ச நாளில் பழகிக்கொண்டார்கள். எக்ஸல் மட்டும் கை வசப்பட்டிருந்தால் எனக்குப் போதும், மற்றதை நாங்கள் சொல்லிக்கொடுப்போம். சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும். தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடுக்கிறது. விளம்பரச் செய்தி அனுப்ப ஆட்களின் சம்மதம் வேண்டும் என்கிறது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். எங்கிருந்தோ கிடைத்த தொலைபேசி இலக்கப் பட்டியலை முதல் நாளே பெருமையோடு கொண்டுவந்து தருகிறவர்களுக்கு இது செய்தியாக இருக்கிறது.

என் கோரிக்கை பெரியதல்ல. டிப்ளோமாவின் கடைசித் தவணையில் கோட் போட்டு நடத்தும் அந்த அளிக்கைக்குப் பதிலாக, ஒவ்வொரு மாணவரும் ஒரு மாதம் கடையிலோ ரெப்போடு ரூட்டிலோ நிற்கட்டும். பார்த்ததைத் தமிழிலோ சிங்களத்திலோ எழுதித் தரட்டும். ஒரு பொருளின் விலையைச் சதம் சதமாகப் பிரித்துக் காட்டட்டும். ஓடாத ஒரு பொருளை எடுத்து அது ஏன் ஓடவில்லை என்று விளக்கட்டும், அதற்கே அதிகப் புள்ளி கொடுங்கள். விரிவுரையாளர்களும் இடைக்கிடை போய்ப் பார்த்து வந்தால் இன்னும் நல்லது. இதற்குச் செலவு பஸ் காசுதான்.

எங்கள் ரெப்மாரின் புறக்கோட்டை ரூட் காலை எட்டரைக்கே தொடங்கிவிடும். அடுத்த தொகுதியிலிருந்து மாணவர்களை அனுப்ப விரும்பும் நிறுவனங்களுக்கு, ஒரு நேரத்தில் இரண்டு பேர் என்ற கணக்கில் இடம் ஒதுக்கித் தர எங்கள் விற்பனைப் பிரிவு சம்மதித்திருக்கிறது. மதியச் சாப்பாடு எங்கள் பொறுப்பு. நடக்கத் தோதான சப்பாத்து போட்டு வரச் சொல்லுங்கள். கோட் வேண்டாம், வெயில் தாங்காது.

இப்படிக்கு,
கொழும்பில் சந்தைப்படுத்தல் துறையில் வேலை செய்யும் ஒருவன்