பூட்டு தொங்கினால் வாடகை வருகிறதா?

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய கணக்கை நேற்று ராத்திரி இரண்டு தடவை படித்தேன். ஜனங்கள் சாமான் போட்டுப் பூட்டிவைக்க மாத வாடகைக்கு விடும் 100 ஸ்டோரேஜ் அறை, 90 நிரம்பியிருக்கிறது, கட்டடத்தோடு வாங்கிவிடலாம் என்கிறாய். "அவ முடிவு பண்ணிட்டா, நீங்க சும்மா இருங்க" என்றாள் உன் அம்மா. சும்மா இருக்க வரவில்லை.

விற்கிறவர் உனக்குக் காட்டியது ஷட்டரில் தொங்கும் பூட்டுகளை. அந்த 90 பேரில் 10 பேர் இரண்டு மாதமாகப் பைசா கட்டாதவர்களாக இருக்கலாம். இன்னும் 20 பேர் அரை வாடகைச் சலுகையில் புதிதாகச் சேர்ந்தவர்களாக இருக்கலாம். அப்படியானால் முழு வாடகை தருவது 60 அறை. சலுகைக்காரர்களையும் சேர்த்தால் 70 அறைக்கான பணம்தான் கைக்கு வரும். விலையை 90-க்குப் பேசுவார்கள், பேங்க் தவணையை நீ 70-ஐ வைத்துக் கட்ட வேண்டும். அதனால் வாடகைப் பட்டியலோடு நின்றுவிடாதே. கடந்த 12 மாத பேங்க் ஸ்டேட்மென்டையும் கேட்டு வாங்கி, அறை அறையாக ஒத்துப் பார். தர மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடு.

மாதாமாத ஒப்பந்தம் என்பதால் வாடகையைச் சட்டென்று ஏற்றலாம் என்று எழுதியிருக்கிறாய். ஏற்றலாம்தான். அவர்களும் மாதக் கடைசியில் காலி செய்யலாம். பலர் செய்வதில்லை, ஏனென்றால் சாமானைத் தூக்கிக்கொண்டு வேறிடம் தேட யாருக்கும் அலுப்பு. இந்தத் தொழிலே அந்த அலுப்பில்தான் ஓடுகிறது என்பேன். ஆனால் வாடகை பாக்கி வைத்தவனின் பூட்டை நீயாக உடைத்துச் சாமானை விற்றுவிட முடியாது. நோட்டீஸ், கெடு, ஏலம் என்று ஒரு முறை இருக்கிறது. ஊருக்கு ஊர் மாறும். முன்பணம் கொடுக்கும் முன்பே வக்கீலிடம் கேட்டுக்கொள்.

இன்னொன்று, கட்டடத்தின் மொத்தப் பரப்பை வாடகையால் பெருக்கியிருக்கிறாய். நடைபாதை, லிஃப்ட், ஆபீஸ் அறைக்கெல்லாம் யார் வாடகை தருவார்கள்? மாடிக் கட்டடத்தில் முக்கால் பங்கு தேறினால் பெரிது.

இப்போது நான் உன்னிடம் சொல்லாத ஒன்று. நம் பழைய வாடகைக் கட்டடத்தின் நிலவறையில் கம்பிவலைத் தடுப்புப் போட்டு, மேலே குடியிருந்தவர்களுக்குச் சாமான் வைக்க விட்டேன் அல்லவா? காலியாகக் கிடந்த இடம், செலவும் அதிகமில்லை, நல்ல வருமானம். ஒரு மழைக்காலம் முடிந்து, குடியிருந்த டீச்சரம்மா தன் அட்டைப்பெட்டியைத் தூக்கினார்கள். பெட்டியின் அடி தரையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. உள்ளே அவர்களுடைய அப்பா எழுதிய நோட்டுகள், பக்கம் பிரிக்க முடியாமல் கட்டியாகிக் கிடந்தன. சுவரில் ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தது எனக்கு முன்னமே தெரியும். வெள்ளையடித்து மறைத்தவனே நான்தான். ஆறு மாத வாடகையைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகுதான் தரைக்கு மரப்பலகை, சுவருக்கு எக்ஸாஸ்ட் ஃபேன், ஒப்பந்தத்தில் இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு பத்தி எல்லாம் வந்தது.

ஆகவே அந்த இடத்தை வெயில் நாளில் போய்ப் பார்க்காதே. நல்ல மழை பெய்த மறுநாள் போ. காலி அறை ஒன்றைத் திறக்கச் சொல்லி, உள்ளே நின்று ஷட்டரை இறக்கச் சொல். அடியில் வெளிச்சம் தெரிகிற இடத்தில் தண்ணீரும் வரும், எலியும் வரும். புதிதாக வெள்ளையடித்த சுவர் இருந்தால் கையை வைத்துப் பார்.

எந்த நாள் என்று மட்டும் சொல், டார்ச்சோடு நானும் வருகிறேன்.

அப்பா