வீட்டில் இருந்தபடியே குணமானேன்: 1956-இன் மதராஸ் நோயாளிகளுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள பெரியவர்களுக்கு,

வணக்கம். உங்கள் யாருடைய பெயரும் எனக்குத் தெரியாது. 1956-இல் மதராஸ் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தின் முதல் ஆய்வில் 193 பேர் சேர்ந்தீர்கள், நகரத்தின் நெரிசலான ஏழைப் பகுதிகளிலிருந்து வந்தீர்கள், இவ்வளவுதான் தெரியும். எனக்கு டி.பி. வந்து, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு, சளியில் கிருமி இல்லை என்று முடிவும் வந்துவிட்டது. அந்த ஆறு மாதமும் வியாசர்பாடியில் என் வீட்டில், என் பிள்ளை குரல் காதில் விழும் தூரத்தில்தான் இருந்தேன். அதற்கான முதல் நன்றி உங்களுக்கு.

சிகிச்சை முடிந்த அன்று டாக்டர் போகிற போக்கில் ஒன்று சொன்னார்: “வீட்ல வச்சே குணப்படுத்தலாம்னு உலகத்துக்குக் காட்டினது நம்ம மெட்ராஸ் நோயாளிங்கதாம்மா.” அதைப் பிடித்துக்கொண்டு தேடித்தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, இதை எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டது.

உங்கள் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம், அதாவது மாதக்கணக்கில் தங்க வைக்கும் தனி ஆஸ்பத்திரி. என் பாட்டியின் அண்ணனைத் தாம்பரத்தில் கொண்டுபோய் விட்டதைப் பற்றி வீட்டில் இன்னும் பேசுவார்கள். டாக்டர் சவுரிமுத்து 1928-இல் அங்கே தொடங்கிய சானடோரியத்தின் பெயர்தான் இன்றும் அந்த ரயில் நிலையத்துக்கு இருக்கிறது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் ஓய்வு, வீட்டாரிடமிருந்து பிரிவு: நோய் குணமாக இவையெல்லாம் வேண்டும் என்று மருத்துவ உலகமே நம்பிக்கொண்டிருந்தது. ஆனால் நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், படுக்கைகள் ஆயிரக்கணக்கில்தான். கூலி வேலைக்குப் போகிறவர் ஒரு வருடம் படுத்துக்கொண்டால் அடுப்பு எரியுமா?

அந்த நேரத்தில்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், மதராஸ் அரசும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து அந்த மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் தலைமை ஏற்று வந்தார். ஐசோனியாசிட், பாஸ் என்ற இரண்டு மருந்துகளை ஒரு வருடம் கொடுப்பது. பாதிப் பேருக்கு சானடோரியத்தில், பாதிப் பேருக்கு அவரவர் வீட்டில். யார் எந்தப் பக்கம் என்பதை டாக்டரும் முடிவு செய்யவில்லை, நோயாளியும் முடிவு செய்யவில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல, யார் விருப்பமும் புகாத ஒரு முறைதான் முடிவு செய்தது.

இந்த இடத்தில்தான் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். இருமலோடும் காய்ச்சலோடும் வந்து நிற்கிறவருக்குப் படுக்கை கிடைக்குமா, வீட்டுக்குத் திரும்ப வேண்டுமா என்று சீட்டு சொல்கிறது. வீடு என்று வந்தவர்களுக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும்? நமக்கு மட்டும் மட்டமான சிகிச்சை என்று நினைத்திருக்க மாட்டீர்களா? பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்று ராத்திரி முழுக்கப் புரண்டிருக்க மாட்டீர்களா? சானடோரியம் என்று வந்தவர்களுக்கு வீட்டை விட்டுப் போகிற வேதனை. இரண்டு பக்கத்துக்கும் துணிச்சல் வேண்டியிருந்தது.

பாஸ் மருந்தை நாளுக்குப் பல கிராம் விழுங்க வேண்டும். வயிற்றைப் புரட்டும். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று பார்க்க முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்கு ஆள் வந்து மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரை வாங்கிப் போய் மருந்தின் தடயம் இருக்கிறதா என்று சோதித்தார்கள். பத்துக்குப் பத்து அறையில், பக்கத்து வீட்டார் வேடிக்கை பார்க்க, இதையெல்லாம் பொறுத்துக்கொண்டீர்கள். உங்களோடு ஒரே கூரையில் இருந்த மனைவி, கணவர், பிள்ளைகள், வயதானவர்கள் எல்லாரும் எக்ஸ்ரே எடுக்கவும் சோதனைக்கும் திரும்பத் திரும்ப வந்தார்கள். அவர்களுக்கும் இந்த நன்றியில் பாதி சேர வேண்டும்.

1959-இல் முடிவு வெளியானது. ஒரு வருட முடிவில் சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 சதவீதமும் வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதமும் நோய் அடங்கிய நிலைக்கு வந்திருந்தார்கள். ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தபோது இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகவே இருந்தது. வீட்டில் இருந்தவர்கள் சாப்பிட்டது சானடோரியச் சாப்பாட்டைவிட எவ்வளவோ குறைவு, பலர் வேலைக்கும் போனார்கள். இருந்தும் மருந்து வேலை செய்தது. அப்புறம், எனக்கு மிக முக்கியமானது: நோயாளியை வீட்டில் வைத்திருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவில்லை. பரவியதெல்லாம் பெரும்பாலும் சிகிச்சை தொடங்கும் முன்பே பரவியதுதான். 1962-இல் வந்த தேசிய காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை நம்பியே எழுந்தது. உலகம் முழுக்க சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதிலும் உங்கள் பங்கு பெரியது.

அந்த முடிவு எனக்கு எப்படி உதவியது என்று சொல்கிறேன். எனக்கு டி.பி. என்று தெரிந்ததும் நாங்கள் குடியிருந்த வீட்டுக்காரர், “நீங்க வேற வீடு பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை, பயந்துபோயிருந்தார். எங்கள் பகுதி டி.பி. ஹெல்த் விசிட்டர் அம்மா நேராக அவர் வீட்டுக்கே போய் உட்கார்ந்து, மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிற நோயாளியிடமிருந்து தொற்றும் பயம் சீக்கிரமே குறைந்துவிடும், அதற்கு முன்னால் நடந்ததுதான் கவலை, அதனால் எல்லாரும் ஒரு தடவை பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று பொறுமையாகச் சொன்னார். வீட்டுக்காரர் குடும்பமே போய்ப் பரிசோதித்துக்கொண்டது. ஒருவருக்கும் ஒன்றுமில்லை. நாங்கள் அதே வீட்டில்தான் இருக்கிறோம். அந்த அம்மாவின் வாயிலிருந்து வந்த பேச்சுக்குப் பின்னால் உங்கள் பிள்ளைகளின் எக்ஸ்ரே படங்கள் இருந்தன என்று அப்போது எனக்குத் தெரியாது.

சேத்துப்பட்டு மையத்தின் அடுத்த ஆய்வில் சேர்ந்தவர்களுக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். ஐசோனியாசிட்டை மட்டும் தனியாகக் கொடுத்தால் போதுமா என்று அதில் பார்த்தார்கள். போதவில்லை. இரண்டு மருந்தும் சேர்ந்து கிடைத்தவர்கள்தான் நன்றாகத் தேறினார்கள். அளவைக் கூட்டிக் கொடுத்த பிரிவில் சிலருக்குக் கை கால் எரிச்சலும் மரத்துப்போவதுமாக நரம்புக் கோளாறு வந்தது. ஐசோனியாசிட்டை உடல் மெதுவாகச் செலவழிக்கிறவர்களுக்கே அது அதிகம் என்று அவர்களை வைத்தும் தெளிவானது. வைட்டமின் பி6-ஐ மிகச் சிறிய அளவில் சேர்த்தாலே அதைத் தடுத்துவிடலாம் என்று 1960-களில் அதே மையம் காட்டியது. என் மாத்திரை அட்டையோடு பைரிடாக்சின் என்று ஒரு சின்ன மாத்திரை, அதே பி6தான், தருவார்கள். பெரிய மாத்திரைகளை விழுங்கிவிட்டு அதைக் கடைசியாகப் போட்டுக்கொள்வேன். என் கால் எரியவில்லை. எரிந்த கால்கள் உங்களுடையவை.

மதராஸுக்கு முன்னாலும் சிலர் இருக்கிறார்கள். 1947-இல் பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்தைச் சோதித்த ஆய்வில் 107 நோயாளிகள். 55 பேருக்கு மருந்தும் ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் மருந்து கிடைத்தவர்களில் 4 பேர் இறந்தார்கள், கிடைக்காதவர்களில் 14 பேர். மருந்து கிடைக்காத அந்த 52 பேருக்குத் தாங்கள் ஓர் ஆய்வில் இருப்பதே தெரியாது. யாரும் அவர்களைக் கேட்கவில்லை. மருந்து நாட்டிலேயே கொஞ்சம்தான் இருந்தது என்பது உண்மைதான். அப்படியும், கேட்டிருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒற்றை மருந்துக்குக் கிருமி பழகிவிடும் என்பதும் அங்கே தெளிவாகத் தெரிந்தது: ஐந்து வருடத்துக்குள் மருந்து கிடைத்தவர்களிலும் பாதிக்கு மேல் போய்விட்டார்கள். இன்று எந்த டாக்டரும் டி.பி.-க்கு ஒரே மருந்து கொடுப்பதில்லை. இன்று ஆய்வில் சேர்கிறவருக்கு அவர் மொழியில் விளக்கிச் சொல்லி, சம்மதம் வாங்கி, எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த 107 பேருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

ஒரு வருடச் சிகிச்சை ஆறு மாதமாகச் சுருங்கியதும் தானாக நடக்கவில்லை. 1970-களில் ரிஃபாம்பிசின், பைராசினமைடு என்ற மருந்துகளைச் சேர்த்து கென்யா, உகாண்டா, தான்சானியா நாட்டு நோயாளிகள் முதலில் சாப்பிட்டுப் பார்த்தார்கள். பின்னால் ஹாங்காங், சிங்கப்பூர், மதராஸ். ரிஃபாம்பிசின் சாப்பிட ஆரம்பித்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். முதல் நாள் பதறிப்போனேன். “மருந்து உள்ள வேலை செய்யுதுன்னு அர்த்தம், பயப்படாதீங்க” என்று நர்ஸ் சிரித்தார். யாரோ ஒருவர் நைரோபியில் இதே பதற்றத்தை எனக்கு முன்னால் பட்டிருப்பார். அவருக்கும் நன்றி.

அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றியுள்ள கிராமத்து மக்களை விடக்கூடாது. 1968-இல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வுக்காக அங்கே மூன்றரை லட்சம் பேருக்கு மேல் கணக்கெடுக்கப்பட்டார்கள். வருடக்கணக்காக வீடு வீடாக வந்த ஊழியர்களுக்குக் கையை நீட்டினார்கள், சளி கொடுத்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்பதுதான் முடிவு. எல்லாரும் எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. ஆனால் அதைத் தெரிந்துகொண்டதால்தான் அந்த ஊசியை நம்பிக்கொண்டு உட்காராமல் வேறு தடுப்பூசிகளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பலிக்காத ஆய்வில் கலந்துகொண்டவர்களை யாரும் நினைப்பதில்லை, அதனால் நான் நினைக்கிறேன்.

ஜார்க்கண்டில் ஓர் ஆய்வு நடந்து 2023-இல் முடிவு வந்தது. 2800 நோயாளிகள், அவர்கள் வீடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். நோயாளிகள் எல்லாருக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். ஒரு பகுதிக் குடும்பங்களில் மட்டும் வீட்டாருக்கும் மாதாமாதம் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. தொற்றக்கூடிய நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்தால் 48 சதவீதம். மருந்து வேலை செய்ய வளமான சாப்பாடு கட்டாயமில்லை என்று நீங்கள் காட்டினீர்கள். வீட்டில் மற்றவருக்கு நோய் வராமலிருக்கச் சாப்பாடு எவ்வளவு முக்கியம் என்று இவர்கள் காட்டினார்கள். அரசு என் கணக்கில் சத்துணவுக்காகப் போட்ட பணத்தில் முட்டையும் கடலையும் வாங்கி வீட்டில் எல்லாரும் சேர்ந்தே சாப்பிட்டோம். அது சரிதான் என்று இப்போது நிம்மதி.

இனி என் பக்கத்து மனிதர்கள். முதல் நாள் எடை பார்த்து, காலில் வீக்கம் இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்து, விரலில் கருவியை மாட்டி ஆக்சிஜன் பார்த்து, “பிடிமானம் இல்லாம எழுந்து நில்லுங்க பார்ப்போம்” என்று சொன்ன சுகாதார நிலைய நர்ஸுக்கு நன்றி. மோசமான நிலையில் இருப்பவரை முதல் நாளே கண்டுபிடித்து ஆஸ்பத்திரியில் சேர்க்கத்தான் அந்தச் சோதனை என்று பின்னால் தெரிந்தது. தமிழ்நாட்டில் 2022-இலிருந்து இப்படிச் செய்கிறார்கள். சளி டப்பாவை முகம் சுளிக்காமல் வாங்கிய லேப் தம்பிக்கு நன்றி. என் பிள்ளைக்குத் தடுப்பு மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுக்கக் கற்றுத்தந்த ஆய்வக வாசல் பாட்டிக்கு, நீங்கள் யாரென்றுகூட எனக்குத் தெரியாது, நன்றி. கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிற என் டி.டி.பி. வேலையை வீட்டுக்கே அனுப்பிவைத்த அச்சக முதலாளி அண்ணனுக்கு நன்றி. காலையில் மாத்திரை போட்டதும் குமட்டும்போது வாசலில் கஞ்சித் தூக்கோடு நின்ற என் அக்காவுக்கு நன்றி என்று எழுதினால் சண்டைக்கு வருவாள். வரட்டும், எழுதிவிட்டேன்.

சேத்துப்பட்டு மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். மருந்துக்கு அடங்காத டி.பி.-க்கு ஊசியே இல்லாத புது மருந்துக் கூட்டுகளைச் சோதிக்கிற ஆய்வுகளை நடத்தியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஆய்வில் இப்போது சேர்ந்திருப்பவர்களே, ரத்தம் எடுக்கவும் இ.சி.ஜி. பார்க்கவும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்களே, உங்களுக்கு முன்கூட்டியே நன்றி.

1956-இல் இருபது வயதாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறு வயதளவில் இருக்கும். உங்கள் வீட்டில் யாராவது பெரியவர், சின்ன வயதில் சேத்துப்பட்டு டி.பி. ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கப் போனதாகச் சொல்லியிருந்தால், தயவுசெய்து இந்த மடலை அவர்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். காது சரியாகக் கேட்காவிட்டால் ‘வியாசர்பாடியில ஒரு பொண்ணு நல்லாயிட்டாளாம், உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னா’ என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்களால் வீட்டில் இருந்தே குணமானவள்